கடுகளவு விசுவாசமும் அன்றாடக் கீழ்ப்படிதலும்: வாசகர் கேள்வி – பதில்

விசுவாச வாழ்க்கையில் வளர்வதைக் குறித்து வாசகர்கள் எழுதிக் கேட்ட கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஞானஸ்நானம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிப்பேன், அதிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று தீர்மானம் எடுக்கிறேன். லேவியராகமத்தை எட்டுவதற்குள் வாசிப்பு நின்றுவிடுகிறது. ஜெபம் அதற்கும் முன்பே நின்றுவிடுகிறது. என் விசுவாசம் வளரவில்லையே என்ற குற்றவுணர்வோடுதான் ஆலயத்துக்குப் போய்வருகிறேன். நான் எங்கே தொடங்க வேண்டும்?

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பதை அப்போஸ்தலர்களே ஆண்டவரிடம் கேட்டிருக்கிறார்கள். "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்ற அவர்களுடைய விண்ணப்பம் லூக்கா 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த விண்ணப்பம் எந்த இடத்தில் எழுந்தது என்பதைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குரிய பதிலில் பாதி கிடைத்துவிடும். ஒரே நாளில் ஏழுதரம் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவன், ஏழுதரமும் திரும்பி வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்று சொன்னால் அவனுக்கு மன்னிப்பாயாக என்று ஆண்டவர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். இவ்வளவு கடினமான கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டுமானால் இப்போது இருக்கிற விசுவாசம் போதாது, இன்னும் நிறைய வேண்டும் என்று சீஷர்கள் நினைத்தார்கள். ஆண்டவரோ, கடுகுவிதையளவு இருந்தாலே காட்டத்தி மரம் வேரோடு பெயர்ந்து கடலில் நடப்படும் என்றார். அதோடு நிறுத்தாமல், வயலிலிருந்து திரும்பி வந்த பிறகும் தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்து முடிக்கிற ஊழியக்காரனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். விசுவாசம் பெருகிய பிறகு கீழ்ப்படியலாம் என்று சீஷர்கள் காத்திருக்கப் பார்த்தார்கள்; உன்னிடம் உள்ள சிறிதளவைக் கொண்டு இன்றைய கட்டளைக்குக் கீழ்ப்படி என்று ஆண்டவர் அவர்களைத் திருப்பிவிட்டார். இந்தப் பகுதியிலுள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தீர்மானங்களில் ஆசைக்குக் குறைவில்லை, அளவுதான் பொருந்தவில்லை. நாகமானுக்கு நேர்ந்தது நினைவிருக்கும். சீரிய ராஜாவின் படைத்தலைவனும் குஷ்டரோகியுமான அவன், தீர்க்கதரிசியாகிய எலிசா வெளியே வந்து நின்று தேவனுடைய நாமத்தைத் தொழுது, தன் கையினால் அந்த இடத்தைத் தடவிக் குணமாக்குவார் என்று எதிர்பார்த்தான். யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணு என்ற எளிய வார்த்தை அவனுக்குக் கோபத்தை மூட்டிற்று. "ஒரு பெரிய காரியத்தைச் செய்ய உமக்குச் சொல்லியிருந்தால் அதை நீர் செய்வீர் அல்லவா?" என்று அவனுடைய ஊழியக்காரர் கேட்ட கேள்வியை நம்மில் பலரும் நம்மையே கேட்டுப் பார்க்க வேண்டும் (2 இராஜாக்கள் 5:13). ஒரு மணி நேர ஜெபத்தைத் தீர்மானிக்கும்போது மனதுக்கு ஒரு நிறைவு கிடைக்கிறது. ஐந்து நிமிட ஜெபத்தில் அந்த நிறைவு கிடைப்பதில்லை. ஆகவே கைக்கு எட்டுகிற ஐந்து நிமிடத்தை அற்பமென்று தள்ளிவிட்டு, எட்டாத ஒரு மணி நேரத்தை ஒவ்வோர் ஆண்டும் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறோம்.

இஸ்ரவேலர் கானானுக்குள் நுழையுமுன் தேவன் சொன்ன ஒரு வார்த்தையையும் இதனோடு சேர்த்து வாசியுங்கள். அங்குள்ள ஜாதிகளை ஒரே வருஷத்தில் துரத்திவிடமாட்டேன் என்றார். காரணத்தையும் அவரே சொன்னார்: தேசம் பாழாய்ப் போகும், காட்டுமிருகங்கள் பெருகிவிடும். "நீ விருத்தியடைந்து, தேசத்தைச் சுதந்தரித்துக்கொள்ளுமட்டும், அவர்களைக் கொஞ்சங்கொஞ்சமாக உன் முன்னின்று துரத்திவிடுவேன்" (யாத்திராகமம் 23:30). ஜனங்கள் எவ்வளவு நிலத்தில் குடியேறிப் பராமரிக்க முடியுமோ அவ்வளவையே அவர் முதலில் கொடுத்தார். நம்மால் காத்துக்கொள்ள முடியாத அளவை ஒரே மூச்சில் பிடித்துவிட வேண்டும் என்று அவர் நம்மிடமும் கேட்பதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். வேதாகமத்தில் 66 புத்தகங்களும் 1,189 அதிகாரங்களும் உள்ளன. அதை ஓர் ஆண்டில் முடிக்க நாள்தோறும் மூன்று அல்லது நான்கு அதிகாரங்களை ஒரு நாளும் தவறாமல் வாசிக்க வேண்டும். வாசிக்கும் பழக்கம் இன்னும் வேர்பிடிக்காத ஒருவருக்கு இது கடினமான அளவே. புதிய ஏற்பாட்டிலோ 260 அதிகாரங்கள்தான். வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் 52 வாரங்களில் சரியாக முடிந்துவிடும். தவறிப்போன நாட்களை ஈடுசெய்யவும் வாரத்துக்கு இரண்டு நாட்கள் மீதமிருக்கும். அதுவும் அதிகமென்று தோன்றினால் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். அதில் 16 அதிகாரங்களே உள்ளன. அதிகாரம் முழுவதையும் வாசிக்காமல், ஒரு சம்பவம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். வேதத்தில் நாம் பார்க்கிற அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டிலும், இன்றைய வசன எண்கள் 16ஆம் நூற்றாண்டிலும் வாசகர்களின் வசதிக்காக உருவானவை. அதிகாரத்தை முடிக்காமல் வேதத்தை மூடினால் குற்றம் ஏதுமில்லை.

லேவியராகமத்தைக் குறித்து ஒரு வார்த்தை. அதை ஒதுக்கிவிடும்படி நான் சொல்லமாட்டேன். பலியையும் ஆசாரியத்துவத்தையும் அறியாமல் சிலுவையை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது. ஆனால் அதை எபிரெயருக்கு எழுதின நிருபத்தோடு சேர்த்து வாசிப்பதே நல்லது. இப்போதைக்கு அது காத்திருக்கட்டும்.

ஜெபத்துக்கு, ஏற்கெனவே நாள்தோறும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தைத் தெரிந்தெடுத்து, அதையொட்டி ஐந்து நிமிடத்தை ஒதுக்குங்கள். காலையில் முகம் கழுவியவுடனோ, இரவில் கதவைப் பூட்டியவுடனோ இருக்கலாம். அதிகாலை நேரம் மிகச் சிறந்த நேரம்தான். ஆண்டவரே இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்லுகிறது. அதே ஆண்டவர் மாலையில் தனித்து ஜெபித்ததையும், ஓர் இராமுழுவதும் ஜெபித்ததையும் சுவிசேஷங்கள் சொல்லுகின்றன. உங்கள் உடலும் குடும்பச் சூழலும் எந்த வேளைக்கு இடங்கொடுக்கின்றனவோ அந்த வேளையையே தெரிந்துகொள்ளுங்கள்.

வாசித்து ஜெபித்தபின், வாசித்த பகுதியிலிருந்து அன்றைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமோ கேட்க வேண்டிய மன்னிப்பாக இருக்கலாம், சொல்லாமல் அடக்கிக்கொள்ள வேண்டிய ஒரு சொல்லாக இருக்கலாம், நோயுற்ற ஒருவரைப் பார்த்துவருவதாக இருக்கலாம். நம்மில் பலர் வேத வாசிப்பையும் ஜெபத்தையும் விடாமல் செய்தும் வளராமல் நிற்பதற்குக் காரணம், இந்த மூன்றாவது காரியம் இல்லாமற்போவதே என்று நான் உறுதியாக நம்புகிறேன். திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்று யாக்கோபு எழுதுவதும் இதைப்பற்றித்தானே?

கேள்வி: முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் அன்புகூரச் சொல்லுகிற தேவனுக்கு ஐந்து நிமிடத்தையும் ஒரு பத்தியையும் கொடுப்பது வெதுவெதுப்பான பக்தி ஆகாதா? சிறிய அடிகள் என்ற பேச்சு சோம்பலுக்குச் சாக்காகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

உங்கள் அச்சம் நியாயமானது. அதை எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். வெதுவெதுப்பாயிருந்த லவோதிக்கேயா சபையை வாந்திபண்ணிப்போடுவேன் என்று ஆண்டவர் சொன்னதை வாசித்து நடுங்காதவர்கள் வேதத்தை வாசிக்கத் தெரியாதவர்கள். ஆனால் அந்தச் சபையின் குற்றம், தான் ஐசுவரியமுள்ளவன், தனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டதுதான். தன் குறைவை உணர்ந்து, அதற்கேற்ற ஓர் எளிய ஒழுங்கைக் கண்ணீரோடு தொடங்குகிறவர்களின் நிலைமை வேறு.

முழு இருதயத்தையும் கேட்கிற ஆண்டவர், அதை எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்லியிருக்கிறார். தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்ற கட்டளையை லூக்கா எழுதும்போது "அனுதினமும்" என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுகிறார் (லூக்கா 9:23). வாழ்நாள் முழுவதையும் ஒரே நாளில் ஒப்படைத்துவிட முடியாது. ஒப்படைத்ததாகப் பாடலாம், சொல்லலாம், உள்ளபடி ஒப்படைப்பது அந்தந்த நாளில்தான் நடக்கிறது. வனாந்தரத்தில் மன்னாவும் அந்தந்த நாளுக்குரிய அளவாகவே கொடுக்கப்பட்டது. விடியற்காலம்மட்டும் மீதியாக வைத்தது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் சேர்த்தது மட்டுமே கெடாமல் இருந்தது.

சோம்பலையும் சிறிய அடியையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. சோம்பல் இருந்த இடத்திலேயே இருக்க விரும்பும், சிறிய அடி அடுத்ததை நாடும். ஐந்து நிமிடம் சில மாதங்களில் இயல்பாகப் பத்து நிமிடமாகவில்லை என்றால், அதை அதிகப்படுத்தும் ஆசைகூட உள்ளத்தில் எழவில்லை என்றால், அப்போது உங்கள் எச்சரிப்பு அவருக்குத் தேவைப்படும். கொஞ்சத்தில் உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான் என்ற வசனத்தில் அநேகம் என்பதும் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஒழுங்குகள் தேவனுடைய அன்பைச் சம்பாதித்துக் கொடுப்பவையல்ல. கிறிஸ்துவுக்குள் அந்த அன்பு முன்னமே கொடுக்கப்பட்டாயிற்று. உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், உடனே அடுத்த வசனத்தில், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். இந்த இரண்டு வசனங்களையும் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் சோம்பலுக்கும் இடமிராது, பெருமைக்கும் இடமிராது.

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்தால் சொற்களே வருவதில்லை. இரண்டு நிமிடத்துக்குள் மனம் வேலையிடத்துக்கும் கடன் கணக்குக்கும் ஓடிவிடுகிறது. சபையில் மற்றவர்கள் சரளமாக ஜெபிப்பதைக் கேட்கும்போது எனக்கு ஜெப வரமே இல்லையோ என்று தோன்றுகிறது.

சகோதரரே, ஆண்டவர் பாராட்டிய ஜெபங்களில் ஒன்று, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்பது. ஆயக்காரன் அதற்குமேல் ஒன்றும் சொன்னதாக வேதத்தில் இல்லை. அவனே நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான். ஆகவே சரளத்தை அளவாகக் கொள்ள வேண்டாம்.

சொற்கள் வராதவர்களுக்கு வேதமே சொற்களைத் தருகிறது. 150 சங்கீதங்களில் துதி மட்டுமல்ல, புலம்பலும் கோபமும் பயமும் "எதுவரைக்கும் கர்த்தாவே" என்ற முறையீடும் இருக்கின்றன. ஒரு சங்கீதத்தின் நான்கு வசனங்களை வாய்விட்டு மெதுவாக வாசித்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பின் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேருங்கள். வாய்விட்டு வாசிப்பது முக்கியம். மனம் ஓடுவதை நாவு பெருமளவு தடுத்து நிறுத்தும்.

1535ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் தமக்கு முடிதிருத்தி வந்த பேதுரு என்பவருக்காக, எப்படி ஜெபிப்பது என்று எழுதிக் கொடுத்தார். கர்த்தருடைய ஜெபத்தின் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுத்துத் தன் சொற்களில் விரித்து ஜெபிக்கும்படி அதில் சொன்ன அவர், பத்துக் கட்டளைகளை ஜெபமாக்குவதற்கு இன்னொரு முறையையும் காட்டினார். ஒவ்வொரு கட்டளையையும் நான்கு விதமாக நோக்க வேண்டும்: இது எனக்கு எதைப் போதிக்கிறது, இதற்காக நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும், இதில் நான் அறிக்கையிட வேண்டிய பாவம் எது, இதைக்கொண்டு நான் எதைக் கேட்க வேண்டும். சீர்திருத்த இயக்கத்தின் பெரும் பொறுப்புகளைச் சுமந்துகொண்டிருந்த ஒருவர், கல்விமான்களுக்காக அல்லாமல் அன்றாடம் உழைக்கும் ஒரு தொழிலாளிக்காக இதை எழுதினார் என்பதே எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நீங்களும் இன்றிரவே, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஒரு விண்ணப்பத்தை மட்டும் எடுத்து இந்த நான்கு கேள்விகளோடு ஜெபித்துப் பாருங்கள்.

மனம் கடன் கணக்குக்கு ஓடினால் அந்தக் கடனையே ஜெபமாக்கிவிடுங்கள். உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்று பேதுரு எழுதியிருக்கிறாரே; கவலையை வெளியே நிறுத்திவிட்டு வந்து ஜெபியுங்கள் என்று அவர் எழுதவில்லை.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரையும் கைக்குழந்தையையும் கவனித்துக்கொள்கிறேன். தனியாக உட்கார ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. எனக்கு எந்த வழி?

அன்புச் சகோதரி, நீங்கள் செய்துகொண்டிருப்பதே தேவனுக்கு முன்பாகப் பெரிய ஊழியம் என்பதை முதலில் நம்புங்கள். வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்று ஆண்டவர் ஒருநாள் சொல்லப்போகிறவர்களின் வரிசையில் நீங்கள் நிற்கிறீர்கள்.

நெகேமியாவின் ஜெபம் உங்களுக்கு ஏற்றது. ராஜா கேள்வி கேட்கிறான், நெகேமியா பதில் சொல்ல வேண்டும்; அந்த இடைவெளியில், "நான் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி" என்று எழுதுகிறான் (நெகேமியா 2:4). ஒரு மூச்சுக்குள் முடிந்திருக்கக்கூடிய ஜெபம் அது. படுக்கையை மாற்றும்போது ஒரு வரி, குழந்தையைத் தூங்கவைக்கும்போது ஒரு வசனம் என்று ஜெபியுங்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் நீண்ட காலம் சமையலறையில் வேலை செய்தார். பாத்திரங்களின் நடுவிலும் தேவனோடு உரையாடிக்கொண்டிருக்கப் பழகியவர் என்று இன்றும் அவரை நினைவுகூருகிறோம். ஆனால் முதல் பத்து ஆண்டுகள் தமக்கு மிகவும் வேதனையாயிருந்தன என்று அவரே தம் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். ஆகவே இரண்டு வாரத்தில் இது கைகூடவில்லையே என்று கலங்க வேண்டாம்.

உங்கள் கணவரிடமோ சபையிலுள்ள ஒரு சகோதரியிடமோ, வாரத்தில் அரைமணி நேரம் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்படி கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதே கிறிஸ்துவின் பிரமாணம். சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் அனுப்பியது பிரசங்கத்தை அல்ல. ஆகாரத்தையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் தூங்கவும் விட்டார். அந்த அரைமணி நேரத்தில் உங்களுக்குத் தூக்கம்தான் தேவையென்றால் தூங்குங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் இப்போது அடிப்படையான காரியங்களிலேயே சந்தேகம் வருகிறது. சந்தேகத்தோடு ஆராதனையில் நிற்பது மாய்மாலம் இல்லையா?

தம்பி, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்முன்னே கண்ட சீஷர்களைக் குறித்து மத்தேயு என்ன எழுதுகிறார் என்று பாருங்கள்: "அங்கே அவர்கள் அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்." அந்தச் சிலரை ஆண்டவர் மலையிலிருந்து இறக்கிவிடவில்லை. சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளையை அவர்களையும் உள்ளடக்கியே கொடுத்தார். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதே மாய்மாலம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறின தகப்பன் எதையும் மறைக்கவில்லை. அவனுடைய பிள்ளை குணமானான்.

சந்தேகங்களை நேர்மையாகக் கையாள இரண்டு காரியங்களைச் சொல்லுவேன். முதலாவது, அவற்றை எழுதிவையுங்கள். மனதுக்குள் மூட்டமாகச் சுற்றும்வரை சந்தேகம் எல்லையில்லாததாகத் தோன்றும். எழுதிப் பார்த்தால் அதில் சில வரலாற்றைப் பற்றிய கேள்விகளாக இருக்கும், சில அறிவியலைப் பற்றியவையாக இருக்கும், இன்னும் சில, கேட்கப்படாத ஒரு ஜெபத்தினால் உண்டான மனக்காயமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படுவது வேறுவேறு. வரலாற்றுக் கேள்விக்குப் படிப்பு வேண்டும், காயத்துக்கு ஆறுதல் வேண்டும். பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, விஷயம் தெரிந்த, கோபப்படாத ஒரு மூத்த விசுவாசியிடம் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, யோவான் 7:17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனெவனோ அவன் இந்த உபதேசம் தேவனால் உண்டாயிருக்கிறதோ என்று அறிந்துகொள்ளுவான் என்கிறார் ஆண்டவர். செய்வதற்கான மனது முதலில் வருகிறது, அறிவு அதைத் தொடருகிறது. எல்லாச் சந்தேகங்களும் தீர்ந்தபின் கீழ்ப்படிவேன் என்றிருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். மலைப்பிரசங்கத்தில் இது சரி என்று உங்கள் மனச்சாட்சி ஒத்துக்கொள்கிற ஒரு கட்டளையாவது இருக்கும். வலதுகை செய்வதை இடதுகை அறியாமல் உதவி செய்வது, ஆம் என்பதை ஆமென்றும் இல்லை என்பதை இல்லையென்றும் பேசுவது என எதுவாக இருந்தாலும் அதை மெய்யாகவே செய்யத் தொடங்குங்கள். அந்த வார்த்தைகளைச் சொன்னவர் யாரென்று அறிந்துகொள்ளும் வழி அங்கே திறக்கும்.

கேள்வி: சொத்துப் பிரிவினையில் என் உடன்பிறந்த அண்ணன் எனக்கு அநியாயம் செய்தார். மன்னிக்க வேண்டும் என்று தெரியும், முடியவில்லை. இதிலும் சிறிய அடி உண்டா?

உண்டு. முதல் பதிலில் பார்த்தபடி, விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணும் என்ற விண்ணப்பமே மன்னிப்பைப் பற்றிய கட்டளையைக் கேட்டபோதுதான் எழுந்தது. அப்போஸ்தலர்களுக்கும் இது கடினமாகவே இருந்தது என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

அண்ணனைக் கட்டித்தழுவுவதை இன்றைக்கு உங்களிடம் யாரும் கேட்கவில்லை. அவருடைய பெயரைச் சொல்லித் தேவனிடம் ஒரு வாக்கியம் ஜெபியுங்கள். அந்த ஜெபம் வறண்டதாக, விருப்பமில்லாததாக இருந்தாலும் பரவாயில்லை. உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்ற கட்டளையில், இனிய உணர்வோடு ஜெபியுங்கள் என்ற நிபந்தனை இல்லை. அதைச் சில வாரங்கள் விடாமல் செய்தபின், அவரைப் பற்றி உறவினர்களிடம் பேசுவதை நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், மன்னிப்புக்குக் குறுக்கே நிற்பவற்றில் மிகப் பெரியது இந்தப் பேச்சுதான். அந்த அநியாயத்தை எடுத்துச் சொல்லுகிற ஒவ்வொரு முறையும் காயம் புதிதாகிறது. அதற்கும் பின்னால், அவர் வீட்டில் ஒரு நோயோ துக்கமோ வரும்போது ஒரு தொலைபேசி விசாரிப்பு. இந்த வரிசையில் எதையும் அவசரப்படுத்த வேண்டாம்.

மன்னிப்பது என்றால் நடந்தது நியாயம் என்று ஒத்துக்கொள்வதல்ல. உங்களுக்குரிய பங்கை அமைதியான முறையில், பெரியவர்கள் மூலமாகவோ சட்டத்தின் வழியாகவோ கேட்பதையும் அது தடுக்காது. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று பவுல் எழுதும்போது, மறுபக்கத்தாரின் மனதை மாற்றும் பொறுப்பை அவர் உங்கள்மேல் வைக்கவில்லை.

கேள்வி: நன்றாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாட்கள் தவறிவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று விட்டுவிடுகிறேன். என்ன செய்வது?

தவறிய நாட்களின் பங்கைச் சேர்த்து வாசிக்க முயலாதீர்கள். இன்றைய பகுதியை வாசியுங்கள். அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை. நேற்றைய நிலுவை அவற்றில் ஏறுவதில்லை. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்.

கேள்வி: தனியாகவே இவற்றைச் செய்தால் போதாதா? சிறு குழுவில் சேரும்படி போதகர் வற்புறுத்துகிறார். எனக்குக் கூச்சம் அதிகம்.

போதாது என்றே சொல்லுவேன், ஆனால் உங்கள் கூச்சத்தையும் மதிக்கிறேன். 1742ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்தில், ஜெபக்கூடத்தின் கடனை அடைப்பதற்காக ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேகரிக்க ஜான் வெஸ்லியின் சபையார் ஏற்பாடு செய்தார்கள். பணம் வாங்க வீடு வீடாகச் சென்ற தலைவர்கள், அங்கே மக்களின் உண்மையான நிலைமையைக் கண்டார்கள். கடனுக்காகத் தொடங்கிய அந்த ஏற்பாட்டை, ஒருவருடைய ஆத்துமாவை மற்றவர் விசாரிக்கும் சிறு குழுக்களாக வெஸ்லி மாற்றினார். மெதடிஸ்ட் இயக்கம் நிலைத்து நின்றதற்கு அவருடைய பிரசங்கங்களைப் போலவே இந்தக் குழுக்களும் காரணம். பிரசங்கத்தைக் கேட்டு உணர்வடைகிறவர்கள் அநேகர். இந்த வாரம் எப்படி இருந்தீர்கள் என்று பெயர்சொல்லிக் கேட்க ஒருவர் இருந்தால்தான் அந்த உணர்வு வாழ்க்கையாகிறது.

உங்களுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒரே ஒருவரோடு, வாரம் ஒருமுறை கால்மணி நேரம் பேசுவதில் தொடங்குங்கள். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் இதைச் செய்வது நல்லது. சொன்னதை வெளியே சொல்லாதவர் என்பதை மட்டும் முன்னதாக நன்றாக நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்று எபிரெயர் நிருபம் கேட்பதை அந்த ஒருவரோடு தொடங்கிவிடலாம். உங்கள் போதகரிடமும் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: நான் வளருகிறேனா இல்லையா என்று எப்படி அறிந்துகொள்வது?

அடிக்கடி சோதித்துப் பார்க்காதீர்கள். விதை எப்படி முளைத்துப் பயிராகிறதென்று விதைத்தவனுக்கே தெரியாது என்று மாற்கு 4ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லுகிறார். முன்பு முளை, பின்பு கதிர், அதன்பின் கதிரிலே நிறைந்த தானியம் என்ற ஒழுங்கு உண்டு. முளைப் பருவத்தில் தானியத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நட்டவனையும் நீர்ப்பாய்ச்சினவனையும் பற்றிப் பேசுகிற பவுலும், "தேவனே விளையச்செய்தார்" என்று விளைச்சலை அவர் கையிலேயே விட்டுவிடுகிறார்.

ஆயினும் வளர்ச்சிக்கு அடையாளங்கள் உண்டு. எத்தனை அதிகாரம் வாசித்தோம், எத்தனை நாள் உபவாசித்தோம் என்பதைக் கலாத்தியர் 5ஆம் அதிகாரம் கணக்கில் எடுக்கவில்லை. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்ற ஒன்பதையே ஆவியின் கனியாகச் சொல்லுகிறது. இவற்றில் பெரும்பாலானவை மற்றவர்களோடு பழகும்போது வெளிப்படுகிறவை என்பதால், அவற்றைப் பற்றி நம்மைவிட நம்மோடு வாழ்கிறவர்களே சரியாகச் சொல்ல முடியும். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் வீட்டில் உள்ள ஒருவரிடம், கோபத்திலும் பேச்சிலும் பணத்தைக் கையாளும் விதத்திலும் என்னிடம் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள், விளக்கம் சொல்ல முற்படாதீர்கள். அவர் சொல்லுகிற குறைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்குரிய வேதப்பகுதியைத் தேடி, வரும் மாதங்களின் வாசிப்பையும் ஜெபத்தையும் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.